சென்சார்தான் மிலோஷ் ஃபோர்மனை உருவாக்குச்சா?

மார்ச் 3, இரவு 11.20

போன வாரம் ஒரு வாசகர் இங்க ஒரு வரி போட்டாரு: "கம்யூனிஸ்ட் ஆட்சியில தடை இருந்தப்ப ஃபோர்மன் கலைஞன், அமெரிக்கா போனதும் வெறும் ஹாலிவுட் டைரக்டர், தடை இருந்தாத்தான் நல்ல படம் வரும்." அதுக்குக் கீழ நாப்பது பேர் ஆமாம் போட்டிருக்கீங்க. மூணு நாளா எனக்கு அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. நான் ஒத்துக்கல. எதுக்குன்னு நேரம் கிடைக்கிறப்ப எழுதறேன். ஒரே மூச்சில வராது, துண்டு துண்டா வரும்.

முதல்ல ஒண்ணு. பின்னாடி சினிமா டைரக்டர் ஆன ஃபோர்மன், 1932ல செக்கோஸ்லோவாகியாவுல சாஸ்லாவ்ங்கிற சின்ன ஊர்ல பொறந்த பையன். அம்மா ஆஷ்விட்ஸ்ல 1943ல செத்தாங்க. அப்பா அடுத்த வருஷம் இன்னொரு நாஜி முகாம்ல போயிட்டாரு. சொந்தக்காரங்க வீடு, தெரிஞ்சவங்க வீடுன்னு மாறி மாறி வளந்தவர். கம்யூனிஸ்டுகள் 1948ல ஆட்சிக்கு வந்தப்ப அவருக்கு 16 வயசு. கஷ்டம் கலைஞனை உருவாக்கும்னு சொல்றவங்க இதையும் கணக்குல சேத்துக்குவீங்களா? நாஜி முகாமுக்கும் நன்றி சொல்லணுமா? கோவமா கேக்கலை, நிஜமாத்தான் கேக்கறேன்.

மார்ச் 4, காலை 6.50

தூக்கம் வரலை, அதனால தொடர்றேன்.

இந்த ஆளுக்குப் படிப்பு கிடைச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பொடியெப்ராடின்னு ஒரு ஊர்ல விடுதியோட இருந்த பள்ளிக்கூடம், போர்ல அனாதையான பிள்ளைகளுக்காக ஆரம்பிச்சது, அங்கதான் பின்னாடி நாட்டுக்கே ஜனாதிபதி ஆன வாட்ஸ்லாவ் ஹாவெலும் படிச்சாரு, இவரோட செக் படங்களுக்குத் தோள் கொடுத்த இவான் பாஸெரும் படிச்சாரு. அப்புறம் தலைநகர் பிராக்ல ஃபாமு திரைப்படக் கல்லூரி, அங்க திரைக்கதை படிப்பு. இலக்கியம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்ல ஒருத்தர் நாவலாசிரியர் மிலன் குந்தேரா. எப்படிப்பட்ட வகுப்பறையா இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இந்த எடத்துல எதிர்த் தரப்புக்கு ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். அந்த நாட்டுல 1945லயே சினிமாவை அரசுடமை ஆக்கிட்டாங்க. கல்லூரி அரசோடது, பராண்டோவ் ஸ்டுடியோ அரசோடது, ஃபிலிமும் அரசு கொடுக்கறது. வசூல் வருமான்னு பயப்படாம, பேர் தெரியாத ஆளுங்களை வச்சு, ஒரு ஷூ ஃபேக்டரி பொண்ணோட கதையை எடுக்க முடிஞ்சுதுன்னா அதுக்கு அந்தப் பணமும் காரணம். ஆனா அது பணம்தானே. சென்சார் வேற, பணம் வேற. நீங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறீங்கன்னு எனக்குப் படுது.

மார்ச் 4, மதியம்

"முதல் படங்கள் எதைப் பாக்கணும்"னு கேட்ட தம்பிக்கு: 'பிளாக் பீட்டர்' (1964). மளிகைக் கடையில வேலைக்குச் சேர்ற பையன், அவன் வேலையே வர்ற ஆளுங்க திருடறாங்களான்னு வேவு பாக்கறது. அவனுக்கு அது வரமாட்டேங்குது, கூச்சப்படறான், வீட்டுக்கு வந்தா அப்பா உபதேசம் பண்ணிக்கிட்டே இருக்காரு. அவ்வளவுதான் கதை. லொகார்னோ திரைப்பட விழாவுல பெரிய பரிசு. ஒருத்தரை ஒருத்தர் வேவு பாக்கற நாட்டுல இருந்துக்கிட்டு இதை எடுத்திருக்காரு, ஆனா படத்துல அரசியல் வார்த்தை ஒண்ணு கிடையாது.

அடுத்தது 'லவ்ஸ் ஆஃப் எ பிளாண்ட்' (1965). ஷூ ஃபேக்டரி இருக்கிற ஊர்ல பொண்ணுங்க அதிகம், ஆம்பளைங்க கம்மி, அதனால மேனேஜர் பட்டாளத்தை வரவழைக்கிறாரு. ரயில்ல இருந்து இறங்கறது எல்லாம் தொப்பை விழுந்த நடுத்தர வயசுக்காரங்க. அந்தப் பொண்ணுங்க மொகத்தைக் காட்டுவாரு பாருங்க! ஆஸ்கர் வெளிநாட்டுப் படப் பிரிவு வரைக்கும் போச்சு. ராத்திரி நேரத்துல பெட்டியோட பிராக் தெருவுல நின்ன ஒரு பொண்ணைப் பாத்துத்தான் அவருக்கு இந்தக் கதை வந்துச்சு. சென்சார் ஆபீஸ்ல இருந்து வரலை.

மார்ச் 5, இரவு

இன்னிக்கு எழுத வந்தது 'ஃபயர்மென்ஸ் பால்' பத்தி. இது எனக்குச் சொந்த விஷயம், அதனால நீளும்.

எங்கப்பா தீயணைப்புத் துறையில லீடிங் ஃபயர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஸ்டேஷன் குவார்ட்டர்ஸ்லதான் நான் வளந்தேன். மணி அடிச்சா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வச்சுட்டு ஓடுவாரு, திரும்பி வர்றப்ப சட்டையில புகை வாடை அடிக்கும். அந்த வாடை இன்னும் எனக்குப் பிடிக்கும். ஆறேழு வருஷம் முன்னாடி ஒரு லீவுல, தீயணைப்புக்காரங்களைப் பத்தின படம்ப்பா, சிரிப்பா இருக்கும்னு சொல்லி அவரை லேப்டாப் முன்னாடி உக்கார வச்சேன்.

கதை தெரியாதவங்களுக்கு: ஒரு சின்ன ஊர் ஃபயர் பிரிகேடு வருஷாந்திர விருந்து நடத்துது. பழைய தலைவருக்கு 86 வயசு, கேன்சர், அவருக்கு ஒரு கோடாலியை கௌரவப் பரிசா கொடுக்கணும். போன வருஷமே கொடுத்திருக்கலாம், இப்ப கேன்சர் வந்ததாலதான் அவசரம். குலுக்கலுக்குன்னு மேஜையில பரப்பின பரிசுப் பொருளெல்லாம் ஒவ்வொண்ணா காணாம போகுது. அழகிப் போட்டிக்குப் பொண்ணு தேடறாங்க, ஒருத்தியும் மேடைக்கு வரமாட்டேங்குறா. நடுவுல ஊர்ல ஒரு பெரியவர் வீடு தீப்பிடிக்குது. வண்டி பனியில மாட்டிக்குது, மண்வெட்டியால பனியை அள்ளி நெருப்பு மேல வீசறாங்க. வீடு போச்சு. குளிருதேன்னு அந்தப் பெரியவரை நாற்காலியோட தூக்கி, எரியற அவர் வீட்டுக்கே பக்கத்துல கொண்டுபோய் வைக்கிறாங்க.

நான் சிரிச்சேன். அப்பா சிரிக்கல. "வண்டி உள்ள போகலைன்னா மனுஷன் என்ன பண்ணுவான்"னு மெதுவா சொன்னாரு. அவர் சர்வீஸ்ல ஒரு தடவை, சந்து குறுகல், வண்டி நுழையல, ஹோஸ் நீளம் பத்தல, குடத்துல தண்ணி ஊத்திக்கிட்டு நின்னிருக்காங்க. எங்க, எப்பன்னு நான் கேக்கலை, அவரும் அதுக்கு மேல பேசலை.

அப்புறம் அந்த விளக்கு அணைக்கிற காட்சி. திருடினவங்க வெக்கப்படாம திருப்பி வச்சுடுங்கன்னு விளக்கை அணைக்கிறாங்க, திரும்ப விளக்கைப் போட்டா மிச்சமிருந்ததும் காலி, ஒரே ஒருத்தர் மாட்டிக்கிறாரு, கமிட்டி ஆளு, பொண்டாட்டி எடுத்த இறைச்சியைத் திருப்பி வைக்கப் போனவரு. உள்ள ரூம்ல போய் பெரிய விவாதம் நடக்குது: இவன் எதுக்குத் திருப்பி வச்சான், பிரிகேடு மானம் போச்சே, நேர்மையை விட நம்ம பேருதானே பெருசு! எங்கப்பா அங்கதான் முதல்முதல்ல சிரிச்சாரு. சத்தமா, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. பிராக் பக்கம் போகாத, செக் மொழி ஒரு வார்த்தை தெரியாத மனுஷன்.

மார்ச் 6, காலை

நேத்து சொல்ல மறந்தது. அந்தப் படத்துல நடிச்சதுல பாதிப்பேர் விர்க்லாபிங்கிற மலையோர ஊரோட நிஜ தீயணைப்புக்காரங்க. ஃபோர்மனும் பாஸெரும், அவங்களோட சேந்து எழுதற பாபௌஷெக்கும் அந்தப் பக்கம் வேற ஒரு திரைக்கதை எழுதத்தான் போனாங்க, அது நகரவே இல்லை, ஒரு சாயங்காலம் உள்ளூர் ஃபயர் பிரிகேடு விருந்துக்குப் போய் உக்காந்தாங்க, அடுத்த நாள்ல இருந்து அதைத் தவிர வேற எதையும் பேச முடியலை. கேமரா ஒன்ட்ரிச்செக்.

மார்ச் 6, இரவு 10 மணி

"எடுத்த உடனே தடை பண்ணிட்டாங்க"ன்னு 'ஃபயர்மென்ஸ் பால்' பத்தி நான் இன்னொரு எடத்துல எழுதியிருந்தேன். தப்பு, திருத்திக்கிறேன். ஜனாதிபதி நோவோட்னி படத்தைப் பாத்துட்டுக் கடுப்பானது நிஜம். ஆனா 1967 டிசம்பர்ல படம் வெளிய வந்துச்சு, அடுத்த மாசமே கட்சித் தலைமை டூப்செக் கைக்குப் போச்சு, கெடுபிடி தளர்ந்து, பிராக் வசந்தம்னு சொல்ற அந்த ஏழெட்டு மாசம் ஜனங்க தியேட்டர்ல பாத்தாங்க. 1968 ஆகஸ்ட்ல சோவியத் டாங்கிகள் வந்ததுக்கு அப்புறம்தான் முழுசா பூட்டு. இந்த வித்தியாசம் முக்கியம்னு எனக்குத் தோணுது, ஏன்னா ஒரே படத்தை ஒரே நாடு ஒரு வருஷம் பாத்துச்சு, அடுத்த வருஷம் அது குத்தமாயிடுச்சு. படத்துல ஒரு ஃப்ரேம் கூட மாறலை.

இன்னொண்ணு, இதைப் படிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தப் படத்துல இத்தாலிய தயாரிப்பாளர் கார்லோ போன்ட்டி பணம் போட்டிருந்தாரு. பாத்துட்டு, சாதாரண ஜனங்களைக் கேவலப்படுத்துதுன்னு முகம் சுளிச்சாரு. ஒப்பந்தத்துல 75 நிமிஷம்னு இருந்துச்சு, படம் 73 நிமிஷம்தான், அதைக் காரணம் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டாரு. வெளிநாட்டுப் பணம், அரசாங்க ஸ்டுடியோ. அரசுக்குப் பொருளாதார நட்டம் உண்டாக்கினதா ஃபோர்மன் மேல வழக்கு வந்து ஜெயிலுக்கே போற நிலைமை. பிரான்ஸ்ல இருந்து டைரக்டர்கள் த்ரூஃபோவும் குளோத் பெர்ரியும் வெளிநாட்டு உரிமையை வாங்கித்தான் அவரைக் காப்பாத்தினாங்க.

அப்ப பாருங்க. கம்யூனிஸ்ட் ஜனாதிபதிக்கும் படம் பிடிக்கலை, முதலாளித்துவ தயாரிப்பாளருக்கும் பிடிக்கலை, ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே காரணம்தான் சொல்றாங்க.

மார்ச் 8

மேல ஒரு அண்ணன், "அப்ப நீங்களே சொல்லிட்டீங்க, முதலாளித்துவத்துலயும் சென்சார் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்"னு மடக்கியிருக்காரு. இல்லைங்கண்ணா. போன்ட்டி பணத்தைக் கேட்டாரு, த்ரூஃபோகிட்ட போய்க் கையேந்த வழி இருந்துச்சு. அரசாங்கம் பூட்டினா அந்த நாட்டுக்குள்ள வேற எந்தக் கதவைத் தட்டுவீங்க? ஃபோர்மனே இதுக்கு ஒரு உவமை சொல்வாரு: ஒண்ணு மிருகக்காட்சிசாலை, இன்னொண்ணு காடு. கூண்டுல வேளாவேளைக்குச் சோறு, மேல கூரை, ஆனா கம்பி. காட்டுல எங்க வேணா போகலாம், ஆனா உங்களைத் திங்க வர்றவன் இருப்பான். காடு சொர்க்கம்னு அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மார்ச் 9, இரவு

காடுன்னா என்னன்னு அவர் அனுபவிச்சாரு. "68ல தப்பி ஓடினாரு"ன்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க, அது சரியில்லை. டாங்கிகள் வந்தப்ப அவர் பாரிஸ்ல இருந்தாரு, அமெரிக்காவுல எடுக்கப்போற முதல் படத்துக்காக பிரெஞ்சு திரைக்கதை எழுத்தாளர் ஜான்-குளோத் கேரியரோட சேந்து எழுதிக்கிட்டு இருந்தாரு. வேலைக்குப் போன ஆளு, ஊர் பின்னாடி மூடிக்கிச்சு. அனுமதி இல்லாம வெளிநாட்டுல இருக்காருன்னு சொல்லி ஸ்டுடியோ வேலையில இருந்து எடுத்துட்டாங்க. மனைவியும் 1964ல பொறந்த இரட்டைப் பசங்களும் பிராக்ல.

அந்தப் படம் 'டேக்கிங் ஆஃப்', 1971. கான் விழாவுல ஜூரியோட சிறப்புப் பெரும் பரிசு (கிராண்ட் பிரி) வாங்குச்சு, அமெரிக்காவுல ஓடலை. அதுக்கப்புறம் நியூயார்க் செல்ஸீ ஹோட்டல்ல வாடகை கொடுக்க முடியாம, படுக்கையை விட்டு எந்திரிக்க மனசில்லாம கிடந்த வருஷங்கள். நாப்பது வயசு. பாஷை தெரியாது. அவர் படங்களோட உயிரே ஜனங்க பேசற பேச்சுதான், அந்தக் காதை வச்சுக்கிட்டு தெரியாத பாஷையில என்ன பண்றது? வேலைக்காக வேற மாநிலம் போய், மார்க்கெட்ல பக்கத்துல நின்னு யாராச்சும் சிரிச்சா எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு புரியாம முழிச்சவங்களுக்கு இது புரியும். நான் ரெண்டு வருஷம் அப்படி இருந்திருக்கேன். என் வேலைக்கு அது பரவாயில்ல, ஒரு கம்ப்யூட்டர், ஒரு எக்செல் ஷீட். அவருக்கு அதுதான் வேலையே.

மார்ச் 10

'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' பத்தி எல்லாருக்கும் தெரியும்: 1975, படம், டைரக்டர், நடிகர், நடிகை, திரைக்கதை, அஞ்சு பெரிய ஆஸ்கரும், 1934 படத்துக்கு அப்புறம் ரெண்டாவது தடவையா. அதை விடுங்க. அந்தப் பார்சல் கதை தெரியுமா?

அந்தப் படத்தோட மூல நாவல் உரிமை ஹாலிவுட் நடிகர் கிர்க் டக்ளஸ்கிட்ட இருந்துச்சு. அறுபதுகள்ல அவர் பிராக் வந்தப்ப ஃபோர்மனைப் பாத்துப் பேசி, புக் அனுப்பறேன், படிச்சுட்டுச் சொல்லுங்கன்னாரு. அனுப்பினாரு. புக் வந்து சேரலை, வழியிலயே அதிகாரிகள் எடுத்துக்கிட்டாங்க. ஃபோர்மன் நினைச்சாரு, பெரிய ஸ்டாரு, வாக்குக் கொடுத்துட்டு மறந்துட்டாருன்னு. டக்ளஸ் நினைச்சாரு, ஒரு பதில் கூட போடாத திமிர் புடிச்ச ஆளுன்னு. பத்து வருஷம்! அப்புறம் மகன் மைக்கேல் டக்ளஸும் தயாரிப்பாளர் சால் சாயன்ட்ஸும் சேந்து அதே நாவலுக்கு டைரக்டர் தேடறப்ப இவர்கிட்டயே வந்தாங்க, அப்பாவுக்கும் இவருக்கும் நடுவுல நடந்தது தெரியாமலேயே. அப்புறம் அப்பா டக்ளஸும் ஃபோர்மனும் பேசறப்பதான் ரெண்டு பேருக்கும் உண்மை தெரிஞ்சுது.

சென்சார் கலையை வளக்கும்னு சொல்றவங்க இந்தப் பார்சலை வச்சு யோசிங்க. அது வேலை செய்யற விதமே இதுதான். கத்திரிக்கோலு மட்டும் இல்லை. உனக்கு வந்த கடிதாசி வந்ததே உனக்குத் தெரியாது.

படத்தை ஓரிகன் மாநிலத்துல சேலம் ஊர் மனநல மருத்துவமனையிலயே எடுத்தாங்க, அங்க தலைமை டாக்டரா இருந்தவரே படத்துல டாக்டரா நடிச்சாரு, நோயாளிகள் சிலர் படக்குழுவுல வேலை பாத்தாங்க. வட்டமா உக்காந்து பேசற காட்சிகள்ல கேமரா யார் முகத்துல இருக்குன்னு நடிகர்களுக்கே தெரியாது, அதனால எல்லாரும் எப்பவும் கவனிச்சுக்கிட்டே இருக்காங்க. இது விர்க்லாபி வேலைதானே? அதே கண்ணு. மேடையில பேசறவனை விட்டுட்டு கேக்கறவன் மூஞ்சியைப் பாக்கற கண்ணு. ஹாலிவுட் போயி அது எங்க தொலைஞ்சுது சொல்லுங்க. படத்துல நோயாளிகளை அடக்கி ஆள்ற அந்த நர்ஸ் பாத்திரத்தைப் பத்தி ஃபோர்மனே சொல்லியிருக்காரு, உங்களுக்கு இது நாவல், எனக்கு இது வாழ்ந்த வாழ்க்கை, கட்சிதான் என்னோட நர்ஸ்னு.

அந்த ஆஸ்கர் ராத்திரிக்கு ரெண்டு பசங்களையும் அனுப்பினாங்க. வருஷக்கணக்கா பாக்காத பிள்ளைங்க. இதுக்கு மேல எழுத எனக்கு வரலை.

மார்ச் 13

மூணு நாளா யோசிச்சதுல ஒரு எடத்துல என் வாதம் ஆட்டம் காணுது. மறைக்காம சொல்லிடறேன்.

போனவங்க கதையை மட்டும் பேசினா, போகாதவங்க என்ன ஆனாங்க? யிரி மென்ஸல் 'குளோஸ்லி வாட்ச்டு டிரெயின்ஸ்' எடுத்து ஆஸ்கர் வாங்கினவரு, ஃபோர்மன் வாங்கறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி. அவர் நாட்டுலயே இருந்தாரு. 1969ல எடுத்த 'லார்க்ஸ் ஆன் எ ஸ்ட்ரிங்' இருபது வருஷத்துக்கு மேல பெட்டியில கிடந்து, 1990ல பெர்லின்ல தங்கக் கரடி வாங்குச்சு. வேரா ஹிட்டிலோவாவோட 'டெய்ஸீஸ்' படத்துல ரெண்டு பொண்ணுங்க விருந்துச் சாப்பாட்டை மிதிச்சு நாசம் பண்ணுவாங்க, உணவை வீணாக்கறாங்கன்னு 1967ல நாடாளுமன்றத்துலயே ஒருத்தர் எந்திரிச்சு சண்டை போட்டாரு. அப்புறம் அவங்களுக்குப் பல வருஷம் படம் கிடைக்கலை, அரசுக்குக் கடிதம் எழுதிப் போராடித்தான் திரும்ப எடுத்தாங்க.

இதைப் பாத்தா சிலருக்குத் தோணலாம், இருந்து போராடினவங்கதான் பெரியவங்கன்னு. எனக்கும் ஒரு ராத்திரி முழுக்க அப்படித்தான் தோணுச்சு. காலையில மாத்திக்கிட்டேன். தடையே இல்லாம இருந்திருந்தா அந்த இருபது வருஷத்துல மென்ஸல் இன்னும் என்னென்ன எடுத்திருப்பாருன்னு யாருக்குத் தெரியும்? 'தடை இருந்தாத்தான் நல்ல படம்'னு சொல்றவங்க வெளிய வந்த படத்தை மட்டும் எண்றீங்க.

மார்ச் 14, மதியம், சாப்பாட்டு நேரம்

'அமாடியஸ்' ஹாலிவுட் பிரம்மாண்டம்தானேன்னு கேட்டவருக்கு. 8 ஆஸ்கர், சரி. எங்க எடுத்தாருன்னு பாத்தீங்களா? 1983ல, கம்யூனிஸ்ட் ஆட்சி இருக்கறப்பவே, பிராக்ல. அமெரிக்கக் குடிமகனா திரும்பிப் போயி. 1787ல மொஸார்ட்டோட 'டான் ஜொவான்னி' இசை நாடகம் முதல்முதல்ல அரங்கேறின அதே பழைய தியேட்டர்ல, நூத்துக்கணக்குல மெழுகுவத்தி ஏத்தி. கேமரா திரும்பவும் ஒன்ட்ரிச்செக். உடைக்கு ஆஸ்கர் வாங்கின பிஸ்டெக் செக்காரர், அரங்கத்துக்கு வாங்கின ரெண்டு பேர்ல கரெல் செர்னியும் செக்காரர்.

எக்ஸ்ட்ராக்கள் நடுவுல ரகசியப் போலீஸ் இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும், யாருன்னு தெரியாது. அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 அன்னிக்கு ஷாட் ஆரம்பிக்கறப்ப மொஸார்ட் இசைக்குப் பதிலா அமெரிக்க தேசிய கீதம் ஒலிச்சுது, பெரிய கொடி ஒண்ணு மேல இருந்து இறங்குச்சு, எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. முப்பது பேர் மட்டும் நிக்கறதா உக்காரறதான்னு முழிச்சாங்க. அவங்கதான். இது ஃபோர்மனே சொன்ன கதை, சொல்றப்ப அந்தக் குரல்ல ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் இருப்பான்.

2016ல வேலை விஷயமா மூணு நாள் பிராக் போனேன். அந்தத் தியேட்டர் வாசல்ல ஒரு சிலை இருக்கு, அங்கி மட்டும், உள்ள முகமே இல்லை. டிக்கெட் கிடைக்கலை. மழைத் தூறல்ல அரை மணி நேரம் வெளியவே நின்னேன். இருவது வயசுல ஹாஸ்டல்ல ஒரு தேஞ்ச டிவிடியில பாத்த படம், அந்தச் சுவர் எல்லாம் எனக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

மார்ச் 14, இரவு

ஒரு சேர்க்கை. ஓவியர் கோயா படம் எனக்கு ஒட்டலை, 'வால்மான்ட்' பரவாயில்ல ரகம், 'ராக்டைம்' இன்னொரு தடவை பாக்கணும். எல்லாமே தங்கம்னு நான் சொல்லவரலை. ஆனா 1996ல 'தி பீப்பிள் வெர்சஸ் லாரி ஃபிளின்ட்' எடுத்தப்ப, ஒரு ஆபாசப் பத்திரிகைக்காரனுக்கு எதுக்குய்யா படம்னு கேட்டவங்களுக்கு அவர் சொன்ன பதில் இந்த விவாதத்துக்கே பொருந்தும்: நாஜிகளும் சரி, கம்யூனிஸ்டுகளும் சரி, ஆபாசத்தையும் வக்கிரத்தையும் ஒழிக்கிறோம்னுதான் ஆரம்பிச்சாங்க, யாரு அதை எதிர்ப்பா, அப்புறம் ஒவ்வொருத்தரா அந்தப் பட்டியல்ல ஏறினாங்க. ரெண்டையும் வாழ்ந்து பாத்த ஆளு பேசறாரு.

மார்ச் 17, ஞாயிறு

ஃபோர்மன் 2018 ஏப்ரல் 13ல இறந்தாரு, வயசு 86. அந்த விருந்துல கோடாலி வாங்கற பெரியவருக்கும் 86. நேத்து தேதி பாக்கறப்பதான் கவனிச்சேன்.

இன்னிக்கு அப்பாவுக்குப் போன் பண்ணி அந்தப் படம் ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். இருக்காம். கடைசியில அந்தப் பெரியவர் பெட்டியைத் திறப்பாரே, உள்ள கோடாலி இருக்காதே, யாரோ எடுத்திருப்பாங்களே, அதுதான் முதல்ல ஞாபகம் வருதாம். "வெறும் பெட்டின்னு தெரிஞ்சும் அந்தாளு நன்றி சொல்லிப் பேசினாரு பாரு"ன்னாரு. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை. அப்புறம், லீவுக்கு வர்றப்ப எடுத்துட்டு வா, இன்னொரு வாட்டி பாக்கலாம், இந்தத் தடவை பெரிய டிவியில போடுன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு.